எழுபத்தொன்பது சுழிகள்

நீலமேகத்தின் நோட்டில் ஒரே ஒரு தாள்தான் பாக்கி. மற்றவையெல்லாம் குப்பைக்கூடையில் கிடந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"எழுபத்தொன்பது சுழி! ஒரு வரி உண்டா?" என்று நோட்டு பேனாவிடம் பொரிந்தது. பிறகு நீலமேகத்தின் குரலிலேயே இழுத்தது. "'அம்மா, கதவைச் சாத்து, கவிதை வருது!' எங்கேப்பா வருது, நடந்தா?"

"என்னை ஏன் திட்டறே? சுழி கோணலாப் போச்சுன்னு கிழிக்கிறது அவன்," என்றது பேனா.

"இதையும் கிழிச்சா, எழுத்தையே பார்க்காம செத்த நோட்டு நான்தான்டா!"

நீலமேகம் வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தான். நோட்டு கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்: "நீலு, கடைச் சாமான் சொல்றேன், எழுதிக்கோடா!"

துவரம்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம், ஊதுபத்தி, பாத்திரம் தேய்க்கிற நார் என்று அம்மா சொல்லிக்கொண்டே போனாள். பேனா ஓர் இடத்திலும் நிற்கவில்லை. தாள் நிறைந்துவிட்டது.

நோட்டு கண்ணைத் திறந்து தாளின் உச்சியைப் பார்த்தது. "டேய், சுழியே போடலையே!"

"சத்தம் போடாதே," என்றது பேனா. "பிள்ளையார் பாவம், இன்னிக்காவது கொஞ்சம் உட்காரட்டும்."