கன்னத்துப் பவுடர்

அந்த அரபுக் குடும்பத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள், "சரி, குடிங்க" என்ற சொல் வரும்வரை காபியில் வாய் வைக்கமாட்டார்கள். கொடுப்பதும் எடுப்பதும் வம்சத்துக்குள்ளேதான். நஜ்வா கட்டிக்கொண்டதே பெரியப்பா மகனைத்தான். இன்று நாத்தனார் சுஆத் தன் மகனுக்கு நஜ்வாவின் மூத்த மகளைக் கேட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். நஜ்வா, சின்னவள் லமாவின் முகத்தில் ரத்தவழியில் வரக்கூடிய லூபஸ் நோய் விரித்த செந்தடிப்பைப் பவுடர் அப்பி மறைத்திருந்தாள். தெரிந்தால் மூத்தவளை யார் எடுப்பார்கள்?

சுஆத் தன் கடைக்குட்டியை முன்னால் தள்ளினாள். "மாமா பொண்ணுக்கு முத்தம் குடு."

சிறுமிகள் வலக்கன்னமும் இடக்கன்னமும் வைத்து உரசிக்கொண்டார்கள். விலகியபோது லமாவின் மூக்கின் இருபுறமும் சிவப்பாக ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்திருந்தது. நஜ்வா பதறிப்போய்க் குழந்தையை இழுத்தாள். அவளைவிட வேகமாகச் சுஆத் தன் மகளின் முகத்தை மடியில் அழுத்திக்கொண்டாள். அதற்குள் நஜ்வா பார்த்துவிட்டாள். அந்தக் கன்னங்களிலும் அதே சிவப்பு. சுஆத்தின் கறுப்பு அங்கியெல்லாம் வெள்ளைப் பவுடர்.

சுஆத்தின் முன்னால் வைத்த காபி தொடாமலே இருந்தது.

"காபி ஆறுது நஜ்வா," என்றாள் சுஆத், தலையைத் தூக்காமல். "ஒரு வார்த்தை சொல்லேன்."