மிரேனின் துறைமுகம்

சொலான்ஜ் ப்ரெவேல் என்னும் அந்த ஐம்பது வயதுப் பெண்மணி, வலக்கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுப்பதேயில்லை. நண்பகலில் அருங்காட்சியகத்தின் படிக்கட்டில் அமர்ந்து, நீள ரொட்டியை இடக்கையில் பிடித்துப் பல்லாலேயே கடித்து இழுத்துத் தின்பாள். பிறகு உள்ளே சென்று, விட்ட இடத்திலிருந்து நகலெடுக்கத் தொடங்குவாள்.

பிரான்சின் லெ ஆவ்ர் நகரத்து அருங்காட்சியகக் கூடத்தில் அவள்முன் தொங்கியது, மிரேன் என்னும் புனைபெயருடைய ஓவியர் வரைந்த 'மழைக்கு முந்திய துறைமுகம்'. நகலெடுப்பதற்கான அனுமதி அன்று மாலையோடு முடிகிறது. அதற்குள் அந்தக் கடல் தன் கைக்கு வராவிட்டால், தூரிகைகளையெல்லாம் குப்பையில் எறிந்துவிடுவது என்று அவள் உறுதி செய்திருந்தாள்.

கடல் வரவில்லை. சுரண்டினாள், பூசினாள், மீண்டும் சுரண்டினாள்.

"இன்னிக்கும் அலையோட சண்டைதானா, மதாம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் கூடத்துக் காவலன் கயெத்தான். "மிரேன் ஒரே இழுப்புல இழுத்திருக்காங்க பாருங்க. கையா அது, மின்னல்."

"மின்னலாத்தான் இருந்துச்சு," என்றாள் சொலான்ஜ்.

"உயிரோட இருக்கிறவங்க படத்தை நகல் எடுக்கணும்னா அவங்களே சம்மதிக்கணுமே. யாருக்கும் முகம் காட்டாத அம்மா, உங்களுக்கு எப்படிச் சரின்னாங்க?"

"லேசுல சம்மதிக்கலை. கெஞ்சி, திட்டி, வழிக்குக் கொண்டுவந்தேன்."

"இப்பல்லாம் வரையறதே இல்லையாமே? பேரு வந்ததும் சோம்பலும் வந்திருக்கும்."

தூரிகை நழுவித் தரையில் விழுந்தது. கயெத்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தான். "பைக்குள்ள என்ன புதையலா வச்சிருக்கீங்க? அந்தக் கையையும் வெளிய எடுத்தா வேலை சீக்கிரம் முடியும்ல."

மூடும் மணி ஒலித்தது. அவள் மூலப் படத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, கடல் முழுவதையும் இழுத்து முடித்தாள். கை தானாகவே மூலையில் 'மிரேன்' என்று எழுதிவிட்டது.

கயெத்தான் அந்நகலை நெடுநேரம் பார்த்தான்.

"அதுமாதிரி இல்லவே இல்லை, மதாம். ஆனா இந்தத் தண்ணியைப் பார்த்தா எனக்குக் குளிருது." பிறகு மூலையைச் சுட்டினான். "இது மட்டும் ஆகாது. நகல்ல மூல ஓவியர் பேரைப் போடக் கூடாதுன்னு விதி இருக்கே. அழிச்சிடுங்க."

சொலான்ஜ் துணியை எடுத்து அப்பெயரைத் துடைத்தாள். பின்பு இடக்கையாலேயே வலக்கையைத் தூக்கிப் பையிலிருந்து வெளியே எடுத்தாள். அது பட்டுப்போன கிளைபோல உணர்வின்றித் தொங்கியது.

"மிரேன்ங்கிற பேர்ல வரைஞ்சது இந்தக் கைதான், தம்பி. இனிமே மத்தக் கையால, சொந்தப் பேர்லயே வரையறேன்."