ஒரு நொடி நின்றால்

“இந்தப் புது கம்ப்யூட்டர் மொழியில எழுதினா மெமரியில சேர்ற குப்பையை அதுவே கூட்டிடும் சார். வேலையும் சீக்கிரம் முடியும்,” என்றார் மேலாளர்.

“கூட்டுற நேரம் மெஷின் நின்னுடுமே! எப்ப நிக்கும்னு நம்ம கையிலயும் இருக்காது. பழைய மொழியில ஒவ்வொண்ணும் நாம சொன்ன நேரத்துக்கு நடக்கும்,” என்றார் மூத்த புரோகிராமர்.

“ஒரு நொடி நின்னா குடியா முழுகிடும்? எல்லாரும் சரின்னுட்டாங்க. நீங்க மட்டும்தான் முட்டுக்கட்டை.”

புரோகிராமர் சரியென்று தலையாட்டிவிட்டார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“எனக்கு இதயத் துடிப்பு விட்டு விட்டு வருதாம். துடிப்பைச் சீராக்க நெஞ்சுல பேஸ்மேக்கர் வைக்கணும்னார் டாக்டர். உங்க கம்பெனியில புதுசா வரப்போறதுதான் வேணும்னுட்டேன். எங்க வீட்டுக்காரர் எழுதுற புரோகிராம், ஒரு நொடிகூட நிக்காதுன்னு பெருமையடிச்சிட்டு வந்திருக்கேன்!”

செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவே இல்லை.