மெஷின் எப்போ போடுவே?

“இன்னிக்கு வாஷிங் மெஷின் போடுவியாம்மா? எத்தனை மணிக்கு?”

காலை ஏழரைக்குக் காலிங் பெல்லை அடித்து, கீழ் வீட்டு ஓனரம்மா கேட்டது இவ்வளவுதான். நேற்றும் இதைத்தான் கேட்டார். முந்தாநாளும்.

மாடியில் கணவன், மாமனாரோடு வாடகைக்கு இருக்கும் மருமகள், பத்து மணிக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினாள்.

“துப்பறியும் இலாகா வந்து ரிப்போர்ட் வாங்கிட்டுப் போயாச்சு,” என்றாள் ஷூ மாட்டிக்கொண்டிருந்த கணவனிடம். “நாளையிலேர்ந்து டைம்டேபிள் எழுதி கேட்ல மாட்டிடறேன். எத்தனை போர்வை, எத்தனை பனியன்னு லிஸ்ட்டும் சேர்த்துடறேன். பாவம், முழங்கால் வலியோட மாடி ஏறி வர்றாங்க பாருங்க.”

வயசானவங்க, பொழுது போகலை என்று சமாதானம் சொல்லிவிட்டு, பொழுது நன்றாகப் போகிற தன் ஆபீசுக்கு அவன் தப்பித்துப் போனான்.

இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற ஓனரம்மாவுக்கு, தண்ணீர் அடைத்துக்கொள்கிற விஷயத்தில் மட்டும் காது மந்தம். மெஷின் தண்ணீரை வெளியே தள்ளினால் மாடி பாத்ரூமில் நுரையோடு கணுக்கால் அளவு நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து, மனசு வந்தால் வடியும். பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமனாருக்குத் தினமும் இரண்டு போர்வை, மூன்று விரிப்பு துவைத்தாக வேண்டும். நாலு மாதமாகச் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும், “பார்க்கலாம்மா.” பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

அன்றைக்கு அவளே ஒரு பிளம்பரைக் கூட்டி வந்துவிட்டாள். ஓனரம்மாவிடம் மூச்சு விடவில்லை.

பிளம்பர் பாத்ரூம் சல்லடை மூடியைத் தூக்கி, கம்பியை விட்டுக் குடைந்தார். முடியும் நூலும் சோப்புக் கசடும் உருண்டையாக வந்தன. பத்தே நிமிஷம்.

“இதைத்தான் நாலு மாசமா பார்த்திருக்காங்க, மகராசி,” என்றாள் அவள்.

சோதித்துப் பார்க்க ஒன்பது மணிக்கே மெஷினைப் போட்டாள். பத்து மணி என்று கீழே சொன்னது ஞாபகம் வந்தது. வரட்டுமே, மெஷின் யாருடையது? பிளம்பர் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றி முடிப்பதற்குள் மெஷின் தண்ணீரை விட்டது. ஒரு சொட்டு நிற்கவில்லை. அத்தனையும் களக்கென்று இறங்கிப் போனது. அவளுக்கு எலெக்‌ஷனில் ஜெயித்த மாதிரி இருந்தது.

வெளியே குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போன பிளம்பர், கீழேயிருந்து அவளைக் கூப்பிட்டார். குரல் சரியாக இல்லை.

ஓனரம்மா வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஹால் முழுக்க நுரை. பாத்ரூமிலிருந்து இன்னும் பொங்கி வந்துகொண்டிருந்தது. ஓனரம்மா ஒரு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, தண்ணீரைத் துணியில் ஒற்றி ஒற்றிப் பக்கெட்டில் பிழிந்துகொண்டிருந்தார்.

“அடியில பைப் அமுங்கிப் போச்சு. மெஷின் தள்ற வேகத்தைத் தாங்காம இந்தப் பக்கம் பொங்குது,” என்றார் பிளம்பர். “தரையைத் தோண்டி மாத்தணும். எட்டு நாளைக்கு மாடியில ஒரு சொம்புத் தண்ணி ஊத்தக் கூடாது.”

“தெரியும்ப்பா, நாலு மாசத்துக்கு முன்னாடியே ஆள் வந்து சொல்லியாச்சு,” என்றார் ஓனரம்மா, பிழிவதை நிறுத்தாமல். “படுத்த படுக்கையா ஒரு மனுஷனை வெச்சுக்கிட்டு, எட்டு நாள் இந்தப் பொண்ணு எங்கே போகும்?”

மருமகள் நுரைக்குள் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். துணியை வாங்கக் கையை நீட்டினாள்.

ஓனரம்மா தரவில்லை.

“இதை நான் பார்த்துக்கறேன். நீ முதல்ல மேல போய் மெஷினை நிறுத்தும்மா. இது முதல் தண்ணிதான். இன்னும் ரெண்டு தடவை விடும்.”