ஆவி கேட்ட பந்தி

மல்கு மீனைப் பிட்டு வாயருகே கொண்டுபோனபோது, ஊரே மூச்சை நிறுத்தியது.

மல்குவுக்கு அது பழகிப்போன மரியாதைதான். ஒரோண்டஸ் ஆற்றங்கரையில் இயேசுவின் பேரைச் சொல்லிக் கூடுகிற சபைகள் எத்தனை உண்டோ, அத்தனையிலும் அவன் தீர்க்கதரிசி. கழுதைத் தரகு நொடித்துப்போன பிறகு பிடித்த தொழில். தாடி இருந்தது, தொண்டை இருந்தது, கண்ணை மேலே செருகிக்கொள்ளத் தெரிந்திருந்தது. வேறென்ன வேண்டும்?

சபைகளின் சட்டதிட்டங்களும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஊர் ஊராகப் போகிற தீர்க்கதரிசி ஓரிடத்தில் மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளன். காசு கேட்டால் கள்ளன். மல்கு எங்கும் மூன்றாம் விடியலைப் பார்த்ததில்லை. காசு என்ற சொல்லைத் தூக்கத்தில்கூட உளறியதில்லை. அவனுக்கு வேண்டியதெல்லாம் வயிறு நிறையச் சாப்பாடு.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தான்.

நேற்று மாலை ஜெபத்தின் நடுவே உடம்பை உதறிக்கொண்டு எழுந்து, கூரைப் புறாக்கள் கலிலேயா வரை பறந்தோடும்படி ஒரு முழக்கம் போட்டான்: "பந்தி விரியுங்கள் என்கிறார் பரிசுத்த ஆவியானவர்! சப்தாயின் களஞ்சியத்திலிருந்து வரட்டும்!"

சப்தாய் அந்தச் சபையிலேயே பெரிய பணக்காரர். நோவாவே வந்து தட்டினாலும் அவருடைய களஞ்சியக் கதவு திறக்காது, ஆவியானவர் கேட்டால்தான் உண்டு என்று ஊரில் பேச்சு. சபை கூடுகிற வீட்டுக்காரி ஷல்மாத், மல்குவின் கால் கழுவத் தண்ணீர் ஊற்றியபடி, அதைப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

சப்தாய் திறந்தார். அழுதுகொண்டே திறந்தார்.

இதோ, ஷல்மாத்தின் முற்றத்தில் பந்தி. எண்ணெயில் முறுகிய ஆற்று மீன். சீரகம் போட்டுக் கடைந்த பருப்பு. கோதுமை ரொட்டி, வண்டிச்சக்கரம் அகலத்துக்கு. அந்த வாசனை அந்தியோகியா வரை நடந்துபோய் ஆளுநரை மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கும்.

மல்கு கடைசியாகச் சாப்பிட்டது நேற்று ஷல்மாத் கொடுத்த ஒரு கை அத்திப்பழம். அந்த வீட்டில் அவ்வளவுதான் இருந்தது.

மீன் உதட்டை நெருங்கியது. நாக்கு பாதி வழி வந்து வரவேற்றது.

அப்போதுதான் கவனித்தான். வேறு ஒருவர் கையும் தட்டுக்குப் போகவில்லை.

சுவரோரம் விதவைகள், முடவர்கள், சப்தாயின் நிலத்தில் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். எல்லோர் கண்ணும் அவன் வாயில். சப்தாயின் கண்ணும் அங்கேதான். ஆனால் அவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வேலைக்காரர்கள் காலிக் கூடைகளோடு நின்றார்கள்.

"சாப்பிடுங்கய்யா! ஏன் யோசிக்கிறீங்க? ஒரு வாய். ஒரே ஒரு வாய்!" சப்தாய் கெஞ்சினார்.

தன் சொத்து தின்னப்படுவதைப் பார்த்து இத்தனை பூரிக்கிற மனிதரை மல்கு எந்த ஊரிலும் கண்டதில்லை.

ஷல்மாத் தண்ணீர்ச் செம்போடு அவன் பக்கத்தில் குனிந்தாள்.

"உள்ள போச்சுன்னா நீங்க கள்ளத் தீர்க்கதரிசி," என்றாள், உதடு அசையாமல். "அந்தியோகியாலேர்ந்து வந்த புதுக் கட்டளை. ஆவியில பந்தி கேட்டவர் அந்தப் பந்தியில கை நனைக்கக் கூடாது. நனைச்சா, இந்த ஆத்தங்கரையில ஒரு சபையும் உங்களுக்குக் கதவு திறக்காது. பந்தியும் கூடையேறி அவர் வீட்டுக்கே போயிடும்."

மீன் மீசையைச் சுட்டது. வயிறு உள்ளேயிருந்து அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டியது.

ஆனால் மல்கு மல்குதான். சந்தையில் நொண்டிக் கழுதையைக் குதிரை விலைக்கு விற்றவன்.

எழுந்தான். கையை வானத்துக்கு உயர்த்தினான். மீனோடு நேரே சுவரோரம் நடந்து, மூலையில் சுருண்டிருந்த ஒரு கிழவரின் வாயில் ஊட்டினான்.

"எனக்குன்னா கேட்டேன்? இவங்களுக்கு! ஆவியானவர் கேட்டது இவங்களுக்கு!"

சொன்ன வேகத்தில் அவனுக்கே புல்லரித்தது.

அதன் பிறகு முற்றத்தில் நடந்ததைப் பந்தி என்று சொல்ல முடியாது, படையெடுப்பு. கம்பை ஊன்றி வந்த முடவர் கம்பை வீசிவிட்டு ஓடியதாகப் பின்னால் நான்கு ஊர்களில் சாட்சி சொன்னார்கள். பருப்புச் சட்டியைப் பிள்ளைகள் துடைத்த துடைப்பில் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். சப்தாய் ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

விதவைகள் வரிசையாக வந்து மல்குவின் கையை முத்தமிட்டார்கள். கை முழுக்க மீன் வாசனை. அதுதான் தாங்கவில்லை.

புறப்படும் தீர்க்கதரிசிக்கு வழிக்கு ரொட்டி மட்டும் கொடுக்கலாம்; வேறெதுவும் கூடாது. ஷல்மாத் வாசலில் வந்து ரொட்டியை நீட்டினாள். அவள் உதட்டோரம் பருப்பு ஒட்டியிருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

"அறுவடைக்கு மறுபடியும் வாங்கய்யா. அடுத்த தடவை ஆவியானவர் ஆட்டுக்கறி கேட்டா நல்லாயிருக்கும். சப்தாய் கொட்டில்ல ரெண்டு கிடா கொழுத்து நிக்குது."

மல்கு ரொட்டியைக் கடிக்க மறந்து அவளைப் பார்த்தான்.

"போன மாசம் வந்த தீர்க்கதரிசி," என்றாள் ஷல்மாத், "வெறும் பருப்பு கேட்டதோட நிறுத்திட்டாரு."