ஐந்து மணிச் சண்டை

“இது கோப்பியோ, பாத்திரம் கழுவின தண்ணியோ? இனி இந்த வீட்டிலை மனிசன் இருக்கேலாது. நான் போறன்.”

தியாகராஜா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

“இஞ்சருங்கோ, நில்லுங்கோ” என்று கூப்பிட்டபடி மனைவி செல்லாச்சி பின்னாலேயே ஓடினாள்.

அவர் நிற்கவில்லை.

எதிர்வீட்டு ரோசம்மா ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். அவளுக்குக் கடிகாரமே வேண்டியதில்லை. எதிர்வீட்டில் சண்டை என்றால் மணி ஐந்து.

1927-இல் மலாயாவின் தாப்பா ஊரில் தியாகராஜாவுக்கு நல்ல மரியாதை. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீசில் தலைமைக் கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே. அப்படிப்பட்டவர் ஒரு மாதமாக ஆபீசிலிருந்து வந்ததும் ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடிப்பார். ஒருநாள் சட்டைப் பொத்தான், ஒருநாள் பேப்பர் மடித்த விதம். உடனே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார்.

முதல் வாரம் மார்க்கெட் வரைக்கும்தான் போனார். அடுத்த வாரம் பாலம். இப்போதெல்லாம் ரப்பர் தோட்டத்து வாசல் வரை. கனத்த உடம்புக்காரி செல்லாச்சியும் மூச்சிரைக்க அதுவரை போய், இருட்டுவதற்குள் அவரைக் கூட்டி வந்துவிடுவாள்.

“படிச்ச மனுசன் பண்ற வேலையா இது?” என்று ரோசம்மா தன் கணவன் சவரிநாதனிடம் கேட்டாள்.

“அவங்க வீட்டு விசயம். நமக்கு எதுக்குலா?”

“ஒரு நாள் அந்த அக்கா போகாம இருக்கட்டும். தானா திரும்பி வருவாரு.”

சொன்னதோடு விடவில்லை. மறுநாள் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்பே செல்லாச்சியின் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்குக் குற்றம் தலையணை உறையில். “நான் போறன்” என்று கிராணியார் கிளம்பியதும் செல்லாச்சி எழுந்தாள். ரோசம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“உட்காருங்க அக்கா. எத்தனை நாளைக்கு இப்படி ஓடுவீங்க?”

“விடு பிள்ளை, நான் போகவேணும்.”

“இன்னைக்கு ஒரு நாள். எனக்காக.”

தியாகராஜா வேலிப் படலைக் கதவு வரை போனார். திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. மறுபடி வீட்டுக்குள் வந்து, “குடையை மறந்திட்டன்” என்று எடுத்துக்கொண்டு, “நான் போறன்” என்றார், இந்தத் தடவை இன்னும் சத்தமாக.

செல்லாச்சி துடித்தாள். ரோசம்மா பிடியை விடவில்லை.

சற்று நேரத்தில் கிராணியார் இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்தார். எதற்கு வந்தோம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துவிட்டுப் போனார்.

ரோசம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அக்கா, இங்கேயே இருங்க. நான் கேட்டுட்டு வாரேன்” என்று வெளியே போனாள்.

ரோட்டோரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார் அவர்.

“போறதுன்னா போங்கய்யா. வாசலையே பார்த்துக்கிட்டு ஏன் நிக்கிறீங்க?”

அவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, அவவுக்குச் சீனி வியாதி. கையிலை புண் ஆறேல்லை எண்டு கூட்டிக்கொண்டு போனன். டொக்டர் சிறுநீரை நீல மருந்திலை விட்டுக் காய்ச்சிப் பாத்தவர். செங்கல் நிறமாய் வந்திட்டுது, சீனி நல்லாக் கூடவாம். சாப்பாட்டைக் குறைச்சு, நெடுக நடக்கவும் வேணுமாம். நடந்தால்தான் ரத்தத்திலை சீனி இறங்குமாம்.”

ரோசம்மா திகைத்துப்போனாள். “இதை அக்காகிட்டச் சொல்லலாமே?”

“எப்பிடிச் சொல்லுறது? அவவின்ரை தமக்கை இதிலைதான் போனவ. பேரைக் கேட்டாலே பாயிலை விழுந்திடுவா. சும்மா உலாவிப்போட்டு வருவம், வாரும் எண்டு கேட்டன். வெள்ளைக்காரர் மாதிரிப் புருசனும் பெண்சாதியும் ரோட்டிலை கைவீசி நடக்கிறதோ, வெக்கமில்லையோ எண்டு கேட்டவ. வேறை என்ன வழி?”

“அதுக்காகத்தான் தினமும் சண்டையா?”

“போன கிழமை மருந்து பச்சையாய் வந்தது, பிள்ளை.” பரீட்சையில் பாசான பையனைப் போலச் சொன்னார். “நீலமாகவே நிண்டிட்டால் பயமில்லையாம். அதுக்குள்ளை ஆரோ அவவுக்குப் புத்தி சொல்லிக் கெடுத்துப்போட்டினம்.”

ரோசம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்க நடங்கய்யா. அக்கா இப்ப வருவாங்க.”

வீட்டுக்குள் ஓடினாள். என்ன பொய் சொல்லிச் செல்லாச்சியைக் கிளப்புவது என்று அவளுக்குப் புரியவில்லை.

“அக்கா, நான் சொன்னது தப்பு. எழுந்திரிங்க. ஐயா ரொம்பக் கோபமா போறாரு.”

செல்லாச்சி ஏற்கெனவே எழுந்து, கதவுக்குப் பின்னால் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள்.

“உண்மையாய் நடக்கிறாரோ?”

“நடக்கிறாரு அக்கா. பாலத்துப் பக்கம்.”

செல்லாச்சியின் முகம் மலர்ந்தது. ரோசம்மாவின் காதருகே குனிந்து சொன்னாள்:

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, பிள்ளை. இவருக்கு நெஞ்சு பலவீனம், ஒவ்வொரு நாளும் நடந்தால்தான் இருதயம் பலப்படும் எண்டு டொக்டர் என்னைத் தனியாய்க் கூப்பிட்டுச் சொன்னவர். நடவுங்கோ எண்டால் கதிரையை விட்டு எழும்பாத மனிசன், நான் பின்னாலை துரத்தினால்தானே நடக்கிறார்.”