மேடைச் சிரிப்பு

ஆணழகன் போட்டிக்கு முந்தின இரண்டு நாளும் தணிகைவேல் தண்ணீர் குடிக்க மாட்டான். நரம்பு புடைத்துத் தெரிய வேண்டும். ஜிம் மாஸ்டர் போட்ட ஸ்டீராய்டு ஊசிகளால் நான்கு கோப்பைகள் வந்தன. பிறகு சிறுநீரகம் இரண்டும் போயின. இப்போது வாரம் மூன்று டயாலிசிஸ், நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான்.

"தண்ணி குடிக்காம இருக்கிறது உனக்குப் புதுசா என்னடா?" என்றார் மாஸ்டர், போனில்.

டயாலிசிஸ் ஊசி குத்த வந்த நர்ஸ் அவன் கையைத் தடவிப் பார்த்தாள். "நரம்பு நல்லா எடுப்பா இருக்குண்ணே. கைய இறுக்குங்க."

இறுக்கினான். கை தானாகத் தோளுக்கு உயர்ந்து மடங்கியது. முகத்தில் பல் தெரியும் சிரிப்பு வந்து நின்றது.

"கைய கீழ வைங்கண்ணே."

வைத்தான். நடுவர் போதும் என்று சொல்லும்வரை சிரிப்பை விடக் கூடாது என்பது பழக்கம். இங்கே அதைச் சொல்ல யாரும் இல்லை.